வாசலுக்கு இடம் விடுங்கள்!

தென்காசி, குற்றாலம் வட்டாரத்து வீடுகளின் முகப்பில் என்ன நடக்கிறது?

மார்கழி. விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் விளக்கு வெளிச்சத்தைப் பனி மங்கலாக்கி வைத்திருக்கிறது. முதலில் ஒரு வீட்டில் நாதாங்கி விலகும் சத்தம். அடுத்து, சாணம் கரைத்த தண்ணீர் தரையில் விழும் சத்தம். தென்னை ஈர்க்குமாறு இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் எதிர்வீட்டுக் கதவும் திறக்கிறது. "வாசத் தெளிச்சாச்சா மதினி?" என்ற கேள்வி தெருவைக் கடந்து போகிறது. பதில் வருவதற்குள் இந்தப் பக்கம் புள்ளி வைக்கத் தொடங்கியாயிற்று. பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிய சிறுமி ஒருத்தி உருட்டிய சாணத்தைக் கோலத்தின் நடுவில் வைத்து, மேலே மஞ்சள் பூசணிப்பூவைக் குத்துகிறாள்.

அதே வரிசையில் மூன்றாவது வீட்டில் யாரும் குனியவில்லை. கிரானைட் படியில் அச்சிட்ட கோலம் ஒட்டப்பட்டிருக்கிறது. நிலையின் மேல் பிளாஸ்டிக் மாவிலைகள், போன தீபாவளிக்குக் கட்டியவை, வெளுத்துத் தொங்குகின்றன. கதவு பளபளக்கிறது, சாரல் மாதத்தில் மட்டும் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும்.

இந்த இரண்டு வீடுகளுமே வாசலை அலங்கரித்திருக்கின்றன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் இன்று பல வீடுகளில் பேச்சு. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில், வீடு கட்டுகிறவருக்கும் கொத்தனாருக்கும் இடையில், தெருவாசிகளுக்கும் நகராட்சிக்கும் இடையில்கூட.

முகப்பு சிதைந்த ஊர்

வாசலின் அருமை தென்காசிக்குத் தெரிந்த அளவு வேறு ஊருக்குத் தெரிந்திருக்காது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயிலின் ராஜகோபுரம் பிற்காலத்தில் தீயில் சிதைந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஊரின் முகப்பில் மொட்டைக் கோபுரமே நின்றது. பிறந்து, மணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்துக் கண்மூடிய தலைமுறைகள் முழுக் கோபுரத்தைப் பார்க்காமலேயே போயின. பத்திரிகை அதிபர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணிக்குப் பிறகு 1990இல்தான் 9 நிலைகளோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்தில் அது மறுபடி எழுந்தது. இந்தக் கோயிலை எதிர்காலத்தில் காப்பவர் யாரோ அவர்கள் காலில் விழுகிறேன் என்று பராக்கிரம பாண்டியன் கல்லில் வெட்டி வைத்ததை இந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்கள்.

கோபுரத்துக்கு அவ்வளவு பாடுபட்ட ஊர், தன் வீட்டு வாசல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்குவதைக் கவனிக்காமல் இருக்கலாமா?

இங்கே பழைய வீட்டுக்குள் போவது சட்டென்று முடிகிற காரியமாக இருந்ததில்லை. தெரு, அதற்கு மேல் படி, படிக்கு இரு பக்கமும் திண்ணை, மர அளி பாய்ச்சிய தார்சா என்ற முன்கூடம், அப்புறம்தான் பட்டாசல் என்ற உள்கூடம். ஓட்டுக்கூரை திண்ணைக்கும் வெளியே தாழ்ந்து இறங்கியிருக்கும். மேற்கிலிருந்து வரும் சாரல் கதவைத் தொடாமல் காத்தது அந்த இறக்கம்தான். செங்கோட்டைப் பக்கம் போனால் சாயல் இன்னும் மாறும். முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர் அது. ஊர் நுழைவு வளைவில் இன்னும் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருக்கிறது. வீடுகளின் கூரைச் சரிவிலும் மரவேலையிலும் மலையாளக் கை தெரியும்.

அந்தத் திண்ணை எல்லோருக்கும் திறந்திருந்தது என்று எழுதினால் அது பொய். யார் ஏறலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. கணவனை இழந்த பெண் கோலப்பொடியைத் தொடக்கூடாது என்ற வீடுகளும் இருந்தன. இன்னும் இருக்கின்றன. பழைய வாசலைப் போற்றும் எவரும் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். மீட்க வேண்டியது அந்த இடத்தை. அந்தத் தடைகளை அல்ல.

சிறுவீடு

வாசல் அலங்காரத்தில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிச் சீமைக்கென்றே ஒன்று உண்டு: சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுக்கக் கோலத்தின் நடுவில் வைத்த சாணத்தையும் பூவையும் தூக்கி எறிவதில்லை. அன்றன்றைக்கு வரட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்து வைப்பார்கள். தை பிறந்து, பெரிய பொங்கல் முடிந்த பிறகு, வாசலிலேயே களிமண்ணால் சின்னதாய் ஒரு வீடு கட்டுவார்கள். அதற்கும் வாசல் உண்டு, அதிலும் கோலம் உண்டு. அதன் முன்னால் வீட்டுப் பெண்பிள்ளைகள் சிறு பானையில் பொங்கலிடுவார்கள். பிறகு வாழையிலையில் பொங்கலும் வரட்டியும் வைத்துச் சூடம் ஏற்றி ஆற்றில் விடுவது வழக்கம். குற்றாலத்து மலையில் பிறந்து தென்காசி வழியாகப் போகும் சிற்றாறு இங்கே அந்த ஆறு.

ஒரு மாதம் முழுக்க வைத்த அலங்காரம் ஒன்றுகூட வீணாகாமல் எரிபொருளாகவும் படையலாகவும் முடிகிறது. பத்து வயதுப் பெண் களிமண்ணில் சுவர் எழுப்பி, வாசல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறாள். அவள் கட்டும் முதல் வீடு அது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதற்கு ஈடான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு என்ன வேண்டும்? பசுஞ்சாணம், பூசணிப்பூ, களிமண், பிள்ளைகள், விடிகாலை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு முன்னால் நாலடிக்கு நாலடி வெறுந்தரை. முதல் ஐந்தையும் எப்படியாவது தேடிப்பிடித்துவிடலாம். ஆறாவதுதான் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

| பெட்டிச் செய்தி: வாசலின் ஆண்டுக்கணக்கு |
|---|
| சித்திரை: குற்றாலநாதர் கோயிலில் விசுத் திருவிழா. மலையாளத்தை ஒட்டிய ஊர்களில் விசுக்கனி காணும் வழக்கம், வாசலில் மாவிலை. |
| ஆனி, ஆடி: சாரல். பொடிக்கோலம் நிற்காது. அரிசியை ஊறவைத்து அரைத்த மாக்கோலம், அதுவும் கூரைக்கு உள்ளே. அம்மன் கொடைக்கு வேப்பிலை. |
| ஆயுத பூசை: வாழைக்கன்று, சந்தனம், குங்குமம். திருஷ்டிக்கு உடைக்கும் தடியங்காயைத் தெரு நடுவே விட்டால் இருசக்கர வண்டி வழுக்கும். உடைத்தவரே ஓரமாய் ஒதுக்குவது கடமை. |
| கார்த்திகை: நடையிலும் திண்ணையிலும் அகல்விளக்கு. |
| மார்கழி: பூசணிப்பூக் கோலம். சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் அதே தெருக்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள். |
| தை: சுவருக்கு வெள்ளை, தரைக்குக் காவி. பனையோலை எரித்து, மண்ணால் செய்த பொங்கல் கட்டிகள் மேல் வாசலிலேயே பொங்கல். பக்கத்தில் பனங்கிழங்கும் மஞ்சள் குலையும். |
| கல்யாணம் எந்த மாதம் வந்தாலும்: குலைவாழை, கமுகங்குலை, தென்னங்குருத்துத் தோரணம். |

வாடாத தோரணம் சொல்லாத சேதி

ஒட்டுகிற கோலத்தையும் பிளாஸ்டிக் தோரணத்தையும் வாங்குகிறவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவது சுலபம். அது நியாயமும் இல்லை. காலை ஆறரை மணி பஸ்ஸுக்குப் போக வேண்டிய பெண், இரண்டு பிள்ளைகளுக்கு டிபன் கட்டிவிட்டு, முழங்கால் வலியோடு 15 புள்ளிக் கோலம் போட வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை. வீட்டில் நாலு பேர் இருக்கும்போது வாசல் தெளிப்பது ஏன் அவள் வேலை மட்டும்? நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் குருத்தோலை பின்னுவதும் வாழைமரம் கட்டுவதும் ஆண்கள்தாம். அதே கைகள் வீட்டுப் படியில் மாவைத் தொடக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் ஸ்டிக்கரால் ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தினம் போடும் கோலம் தெருவுக்குச் செய்தி. பெரிய கோலம் என்றால் வீட்டில் விசேஷம். அவசரக் கோலம் என்றால் பிள்ளைக்குப் பரீட்சை, அல்லது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கோலமே இல்லையென்றால் துக்கம். தெரியாதவர்கூட அந்த வீட்டு முன் குரலைத் தாழ்த்திக்கொள்வார். இந்த வட்டாரத்தில் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்க, ஆச்சி மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் எத்தனையோ. எட்டு மணியாகியும் வாசல் காய்ந்து கிடந்தால், "என்ன, இன்னும் தெளிக்கலயே?" என்று பக்கத்து வீட்டிலிருந்து யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். தட்டியதால் பிழைத்த உயிர்களும் உண்டு. ஸ்டிக்கர் ஒட்டிய வாசலில் எல்லா நாளும் ஒரே நாள். உள்ளே ஆச்சி கீழே விழுந்து கிடந்தாலும் வெளியே தாமரை சிரித்துக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் இரண்டே இழையில் ஒரு நட்சத்திரம் போட்டாலும் அது புதிதாய்ப் போட்டதாய் இருக்கட்டும் என்கிறேன். அழகு அப்புறம்.

கோலம் தெருவோடு பேசும் என்பதை ஆட்சியாளர்களும் அறிவார்கள். 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த நாட்களில் அந்தக் கோலம் இன்னும் பல வாசல்களில் முளைத்தது. கல்விக்கூடங்களுக்கும் இது புதிதல்ல. புள்ளிகளுக்கிடையே வளையும் கம்பிக்கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலின் மொழிக் கோட்பாட்டோடு சேர்த்து ஆராய்ந்து, கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1974இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

இன்னொரு பக்கம் பிழைப்பு. சைக்கிளில் கோலப்பொடி கூவி விற்பவர், பஜாரில் மாவிலைக் கொத்தும் வேப்பிலையும் பூவும் பரப்பி உட்காரும் பெண்கள், குருத்தோலையைக் கிளியாகவும் மணியாகவும் மடிக்கத் தெரிந்த கைகள் என எல்லோரும் வாடுகிற பொருளை நம்பி வாழ்கிறவர்கள். வாடாத தோரணத்தை ஒரு தடவை வாங்கினால் அவர்களிடம் போக வேண்டிய தேவை மூன்று வருஷத்துக்கு இல்லை. வெயிலில் வெளுத்து, நொறுங்கி, கடைசியில் அது சேர்வது ஓடையில். ஓடை சேர்வது சிற்றாற்றில்.

மாவிலை காற்றைச் சுத்தப்படுத்துகிறது, கிருமியைக் கொல்கிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் கட்ட வேண்டாம். பத்து இலையால் ஒரு வீட்டின் காற்று மாறிவிடாது. தடித்த இலை என்பதால் சட்டென்று வாடாது, எளிதில் கிடைக்கும், பச்சையாய் இருக்கிறது, நல்ல நாளைச் சொல்கிறது. இது போதாதா? எறும்புக்குத் தீனி என்று சொல்வதும் அரிசி மாவில் போட்டால்தான் பொருந்தும். கடையில் விற்கும் பொடி பெரும்பாலும் கல்லை அரைத்தது. அது எறும்புக்கு ஆகாது. மூக்கில் ஏறினால் நமக்கும் நல்லதல்ல.

சாரலில் வீங்கும் கதவு

குற்றாலத்தில் வீடு கட்டுகிறவர்கள் வாசலுக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை. கஜலட்சுமி செதுக்கிய நிலை, அன்னப்பட்சி, கலசம் எல்லாம் வைக்கிறார்கள். ஆனால் ஜூன் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கியதும் கதவு பிடித்துக்கொள்கிறது. கோபத்தில் இழைப்புளியால் சீவிவிடுகிறார்கள். பங்குனி வெயிலில் அந்த இடத்தில் விரல் நுழையும் சந்து விழுகிறது.

மரம் ஈரத்தை வாங்கினால் வீங்கும், விட்டால் சுருங்கும். நீளவாக்கில் இது அநேகமாகத் தெரியாது, அகலவாக்கில்தான் தெரியும். பழைய தச்சர்கள் இதை வென்றுவிடப் பார்க்கவில்லை, இடம் கொடுத்தார்கள். பெரிய ஒற்றைக் கதவுக்குப் பதில் குறுகலான இரட்டைக் கதவு. சட்டத்துக்கு நடுவே பலகையை ஆணியடித்து இறுக்காமல், காடியில் அசைய விட்டுப் பொருத்தினார்கள். கீல் இல்லாமல் குடுமியில் சுழலும் கதவுகளை இன்னும் அக்ரகாரங்களிலும் பழைய வளவுகளிலும் பார்க்கலாம். நூறு சாரல் பார்த்தும் அவை ஒற்றை விரலுக்குத் திறக்கின்றன.

வீடுகளை இடிக்கும்போது அந்தக் கதவுகள் லாரி ஏறுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைக்கப்பட்டு, அங்கிருந்து எங்கோ ஒரு ஓட்டலின் வரவேற்பறைக்குப் போகின்றன. விற்ற பணத்தில் வாங்கும் புதுக்கதவு ஐந்தாம் ஆடியில் அடிப்பக்கம் உப்புகிறது. வீட்டை மாற்றுங்கள், கதவை மட்டும் தயவுசெய்து புது வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

| பெட்டிச் செய்தி: கதவு செய்யக் கொடுக்கும் முன் |
|---|
| ஈரம் போகாத தேக்கு முழுதாக உலரும்போது ஆரக்கால்வாக்கில் (நடுவிலிருந்து வெளிப்புறமாக) சுமார் 2.5 சதவீதமும், வளையவாக்கில் (ஆண்டு வளையத்தை ஒட்டி) சுமார் 5.8 சதவீதமும் சுருங்கும். மற்ற பல மரங்கள் இதைவிட அதிகம் சுருங்கும். |
| 3 அடி அகலத்தில் ஒட்டிய பலகைக் கதவு என்று வைத்துக்கொள்வோம். கோடைக்கும் சாரலுக்கும் இடையே மரத்தின் ஈரம் 4 சதவீதப் புள்ளி கூடினால், தேக்கிலேயே அகலம் 7 மில்லிமீட்டர் வரை கூடக்கூடும். சட்டமும் காடியில் அசையும் பலகையுமாகச் செய்தால் இந்த வீக்கம் உள்ளேயே அடங்கிவிடும். |
| வார்னிஷ் முன்னும் பின்னும் மட்டும் அடித்தால் போதாது. கதவின் தலைப்பக்கமும் அடிப்பக்கமும்தான் ஈரத்தை அதிகம் குடிக்கும். மாட்டும் முன்பே அங்கே அடியுங்கள். |
| மேற்குப் பார்த்த வாசலா? ஒன்றரை அடி சன்ஷேடு சாரலுக்குப் போதாது. ஓட்டுச் சரிவோ ஆழமான முகமண்டபமோ வைத்தால் கதவும் தப்பும், கோலமும் தப்பும். |

எழும்பும் சாலை, புதையும் படி

வாசல் அலங்காரத்தின் உண்மையான எதிரி பிளாஸ்டிக் கடையில் இல்லை. சாலைதான்.

பழைய தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு காலத்தில் ஐந்து படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது இரண்டு படி. சில வீடுகளில் படி ஏறுவதே இல்லை, இறங்க வேண்டியிருக்கிறது. தார் மேல் தார், அதன் மேல் சிமெண்டு, அதன் மேல் மறுபடி சிமெண்டு என்று ஒவ்வொரு முறையும் சில அங்குலம் ஏற்றியதன் விளைவு. திண்ணை தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. மழைத் தண்ணீர் நேராக நிலையைத் தொடுகிறது. நிலையின் கால் முதலில் கறுக்கும், பிறகு உளுக்கும், பிறகு செல் ஏறும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையின்போது, தெருவைவிடத் தாழ்ந்த வாசல் என்றால் என்ன என்று பல குடும்பங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் தெரிந்துகொண்டன.

பயந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டை இடித்து மூன்றடி உயர்த்திக் கட்டுகிறார்கள். உயர்ந்த வீட்டுக்கு ஏறப் படி வேண்டும், பைக் ஏறச் சரிவு வேண்டும். இரண்டும் தெருவில் இறங்குகின்றன. எதிர்வீடும் அப்படியே செய்கிறது. நடுவில் மிஞ்சும் தெருவில் கோலத்துக்கும் இடமில்லை, ஆட்டோவுக்கும் இடமில்லை. மிஞ்சிய துண்டிலும் பேவர் பிளாக் பதிக்கிறார்கள். அந்த மேடுபள்ளத்தில் கம்பிக்கோலம் இழுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து வீட்டுவேலையும் சாலைவேலையும் வேகமெடுத்திருக்கின்றன. குற்றாலத்தில் சீசன் வாடகைக்காக முன்பக்கத்தை அறையாக்கிய வீடுகளில், திண்ணை இருந்த இடத்தில் இப்போது 'ரூம் உள்ளது' பலகைதான் வரவேற்கிறது. அவர்களுக்கும் வருமானம் வேண்டும்தான். ஆனாலும் அருவி பார்க்க வருகிறவர் இரண்டு நாள் தங்கிப் போகும் வீட்டில், அவர் நினைவில் நிற்கப்போவது எது என்று உரிமையாளர்கள் யோசிக்கலாம்.

சாலை விஷயத்தில் கையில் ஒரு பிடி இருக்கிறது. 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு தெளிவாகவே உத்தரவிட்டார்: சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் போட வேண்டும், வீடுகள் பள்ளமாகும்படி உயர்த்தக்கூடாது. உத்தரவு இருக்கிறது. தெருவில் யாராவது கேட்டால்தான் அது நடக்கும்.

எப்படிக் கேட்பது? இந்தத் தைக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, படியின் பக்கச்சுவரில் இன்றைய சாலை மட்டத்துக்கு நேராக ஒரு காவிக் கோடு இழுத்து, அளவுகோல் வைத்துத் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் எல்லா வீட்டிலும் செய்தால் இன்னும் நல்லது. ஜல்லி இறங்கும் அன்றே வார்டு கவுன்சிலரையும் நகராட்சிப் பொறியாளரையும் அழைத்து அந்தக் கோட்டைக் காட்டுங்கள். சிமெண்டு கலவை கொட்டிய பிறகு பேசிப் பயனில்லை. சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று அதற்கு முன்பே கேட்க வேண்டும். வரவில்லையென்றால் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த நகலும் படமும் வேண்டியிருக்கும்.